கழிவுநீர்க் குழாய்களுக்கு உள்ளுறையிடல்

கழிவுநீர்க் குழாய்களுக்கு உள்ளுறையிடல் என்பது, நிலத்தடியில் பழுதடைந்து கிடக்கும் கழிவுநீர்க் குழாயைத் தோண்டி எடுக்காமல், அதன் உள்ளேயே புதிய குழாய் ஒன்றை உருவாக்கும் தொழில்நுட்பம் ஆகும். பழைய குழாய் இங்கு அச்சாகப் பயன்படுகின்றது. மேன்ஹோல் என்று பொதுவாக அழைக்கப்படும் ஆள்நுழைவுக் குழிகளின் வழியாகவே பெரும்பாலான வேலைகள் நடைபெறுவதால், சாலையை வெட்டவேண்டிய தேவை இல்லாமல் போகின்றது, அல்லது மிகவும் குறைகின்றது.

நகரங்களில் கழிவுநீர்க் குழாய்கள் பொதுவாகப் பிற குழாய்களுக்குக் கீழேயே செல்கின்றன. கழிவுநீர் புவியீர்ப்பினால் ஓடவேண்டும் என்பதால் குழாய் சரிவாக அமைக்கப்படுகின்றது. எனவே தொலைவு கூடக்கூட ஆழமும் கூடுகின்றது. குடிநீர்க் குழாய்கள், மின்வடங்கள், தொலைபேசி வடங்கள் ஆகியவை அதற்கு மேலே செல்கின்றன. ஐந்து அல்லது ஆறு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் குழாயை மாற்ற வேண்டுமானால் இவை அனைத்தையும் கடந்து செல்ல வேண்டும். குழியின் பக்கங்கள் சரியாமல் தாங்கு பலகைகள் அமைக்க வேண்டும். நிலத்தடி நீரை இடைவிடாது இறைக்க வேண்டும். இவ்வாறான வேலைகளில் குழாயின் விலை மொத்தச் செலவில் சிறு பங்கே ஆகும்.

குழாய்கள் பழுதடையும் விதம்

செங்கல், சுட்ட களிமண், காங்கிரீட்டு, வார்ப்பிரும்பு, கல்நார் சிமெந்து ஆகிய பொருட்களால் ஆன குழாய்கள் பழைய நகரங்களில் காணப்படுகின்றன. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையில் கெடுகின்றன.

காங்கிரீட்டுக் குழாய்களின் முதன்மை எதிரி கந்தக அமிலம் ஆகும். இந்த அமிலம் வெளியிலிருந்து வருவதன்று, குழாயினுள்ளேயே தோன்றுவது. கழிவுநீர் மெதுவாக ஓடும் இடங்களில் குழாயின் சுவரில் படியும் வழுவழுப்பான படலத்தில் உயிர்வளி இல்லாச் சூழலில் வாழும் பாக்டீரியாக்கள், நீரில் உள்ள சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. இதிலிருந்து எழும் ஐதரசன் சல்பைடு வளிமம் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள வெற்றிடத்தை நிரப்புகின்றது. ஈரம் படிந்த மேற்சுவரில் வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் அதனைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் சிமெந்துடன் வினைபுரிந்து, விரலால் சுரண்டினாலே உதிரும் ஜிப்சமாக அதனை ஆக்கிவிடுகின்றது. ஆத்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ஆய்வு செய்த சி. டி. பார்க்கர் என்பவர், இவ்வினைக்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1945 ஆம் ஆண்டில் அறிவித்தார். குழாயின் அடிப்பகுதி நல்ல நிலையில் இருக்க, கூரைப்பகுதி மட்டும் கம்பி தெரியுமளவுக்குக் கரைந்து போவதன் காரணம் இதுவே. வெப்பம் கூடும்போது இந்த வினைகள் விரைவடைகின்றன. ஆகவே வெப்ப நாடுகளில் இச்சிக்கல் கடுமையானது.

சுட்ட களிமண் குழாய்களை அமிலம் அரிப்பதில்லை. அவற்றின் பலவீனம் இணைப்புகளில் உள்ளது. இணைப்பில் பூசப்பட்ட சிமெந்துச் சாந்து உதிரும்போது மரவேர்கள் உள்ளே நுழைகின்றன. மயிரிழை போல நுழையும் வேர், குழாயினுள் கிடைக்கும் நீரையும் சத்தையும் கொண்டு புதராக வளர்ந்து ஓட்டத்தை அடைக்கின்றது. செங்கல் குழாய்களில் சாந்து கரைந்து செங்கற்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்குகின்றன.

எல்லா வகைக் குழாய்களுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. குழாய் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்குமானால், விரிசல்களின் வழியே நீர் உட்புகும்போது நுண்மணலும் உடன் இழுபட்டு வருகின்றது. குழாயைச் சுற்றி வெற்றிடம் உருவாகின்றது. சாலையின் மேற்பரப்பு அதன் மீது பாலம் போலச் சில காலம் நிற்கின்றது. பின்னர் ஒரு நாள் இடிந்து விழுகின்றது. 2016 டிசம்பர் 24 அன்று ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பிரேசர் நகரில், 11 அடி விட்டமுள்ள முதன்மைக் கழிவுநீர்க் குழாய் இடிந்ததால் பெரும் பள்ளம் தோன்றி வீடுகள் சேதமடைந்தன. அக்குழாய் 1970களில் அமைக்கப்பட்டது. அதாவது, குழாயின் வயது மட்டுமே அதன் நிலையைக் காட்டுவதில்லை.

உள்ளுறையிடல், குழாய் இடிவதற்கு முன்னர் செய்யப்பட வேண்டியது என்பதை இங்கு கவனிக்க வேண்டும். முற்றாக இடிந்து வடிவம் இழந்த குழாயில் உறை நுழைய வழியில்லை. அத்தகைய இடத்தில் தோண்டுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை.

வரலாறு

இத்தொழில்நுட்பம் இங்கிலாந்தில் தோன்றியது. 1858 ஆம் ஆண்டின் கோடையில் தேம்சு ஆற்றின் நாற்றம் தாங்க முடியாததாகியதைத் தொடர்ந்து, யோசப் பசல்கெட் என்னும் பொறியாளரின் திட்டப்படி இலண்டனின் முதன்மைக் கழிவுநீர்க் கால்வாய்கள் அமைக்கப்பட்டன. அக்காலத்திலும் அதனையடுத்தும் கட்டப்பட்ட செங்கல் கால்வாய்கள் ஒரு நூற்றாண்டு கடந்த நிலையில், அவற்றைப் பேணுவது பெரும் கேள்வியாக எழுந்தது.

எரிக் வூட் என்பவர் 1971 ஆம் ஆண்டில் இலண்டனின் ஆக்னி பகுதியில், ஏறத்தாழ நூறாண்டுப் பழமையான முட்டை வடிவச் செங்கல் கால்வாயின் 70 மீட்டர் நீளத்துக்குப் பிசின் ஊறிய துணிப்பையை உள்ளே செலுத்தி இறுக வைத்தார். இவர் இம்முறைக்கு 'இன்சிட்டுபார்ம்' எனப் பெயரிட்டார். 'இருந்த இடத்திலேயே' என்னும் பொருள்தரும் இலத்தீன் தொடரிலிருந்து இப்பெயர் உருவானது. ஐக்கிய அமெரிக்காவில் முதல் உள்ளுறை 1976 இல் கலிபோர்னியாவின் பிரெசுனோ நகரில் இடப்பட்டது. வூட்டின் அமெரிக்கக் காப்புரிமை 1977 இல் வழங்கப்பட்டு 1994 இல் காலாவதியானது. அதன் பின்னர் பல நிறுவனங்கள் இத்துறையில் இறங்கியதால் போட்டி உண்டானது.

இதே காலப்பகுதியில் தோண்டாத் தொழில்நுட்பம் தனித்துறையாக வளர்ந்தது. இதற்கான பன்னாட்டுச் சங்கம் 1986 இல் இலண்டனில் நிறுவப்பட்டது. 1980களில் சுவீடனில், புற ஊதாக் கதிரால் இறுகும் கண்ணாடியிழை உள்ளுறைகள் உருவாக்கப்பட்டன.

இடத்தில் இறுகும் உள்ளுறை: செய்முறை

பல முறைகள் இருந்தாலும், பரவலாகப் பயன்படுவது வூட்டின் முறையிலிருந்து வளர்ந்த 'இடத்தில் இறுகும் உள்ளுறை' ஆகும்.

முதலில் குழாயினுள் சக்கரங்களில் ஓடும் நிகழ்படக் கருவி அனுப்பப்படுகின்றது. விரிசல், வேர், இடப்பெயர்ச்சி, வீட்டு இணைப்புகள் ஆகியவற்றின் இடங்கள், குழியிலிருந்து எத்தனை மீட்டர் தொலைவில் உள்ளன என்ற கணக்குடன் பதிவு செய்யப்படுகின்றன. பின்னர் உயரழுத்த நீர்த்தாரையால் சேறும் கொழுப்பும் நீக்கப்படுகின்றன. வேர்கள் சுழலும் கத்திகளால் வெட்டப்படுகின்றன. வேலை நடக்கும் பகுதியின் மேற்புறத்தில் குழாய் அடைக்கப்பட்டு, வரும் கழிவுநீர் எக்கியால் (பம்பு) இறைக்கப்பட்டு அடுத்த குழிக்குக் கொண்டு செல்லப்படுகின்றது. பெரிய குழாய்களில் இந்த மாற்றுவழி ஏற்பாடே வேலையின் கடினமான பகுதியாக அமைந்துவிடுவதுண்டு. மழைக்காலத்தில் இவ்வேலையைத் தவிர்ப்பதன் காரணமும் இதுவே.

உள்ளுறை என்பது பாலியெசுட்டர் இழைகளை ஊசிகளால் குத்தி இறுக்கிச் செய்த, தடித்த கம்பளம் போன்ற துணியால் தைக்கப்பட்ட நீண்ட பை ஆகும். அதன் ஒரு புறத்தில் நீர் புகாத நெகிழிப் படலம் உண்டு. ஒவ்வொரு பகுதியின் விட்டத்துக்கும் நீளத்துக்கும் ஏற்ப இது தனித்தனியாகத் தைக்கப்படுகின்றது. தொழிற்சாலையில் பையினுள் உள்ள காற்று உறிஞ்சி நீக்கப்பட்டு, வினையூக்கி கலந்த பாலியெசுட்டர் பிசின் ஊற்றப்படுகின்றது. உருளைகளின் இடையே பை செலுத்தப்படும்போது பிசின் இழைகளுக்குள் சீராக ஊறுகின்றது. வெப்பம் பட்டால் பிசின் இறுகிவிடும் என்பதால் குளிரூட்டிய வண்டியில் பை கொண்டுவரப்படுகின்றது.

பையைக் குழாயினுள் செலுத்தும் விதம் இம்முறையின் சிறப்பாகும். பையின் வாயைக் குழியின் மேலே உள்ள வளையத்தில் புறமாக மடித்துக் கட்டி, மடிப்பினுள் நீரை ஊற்றுகின்றனர். நீரின் எடையால், காலுறையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்புவது போல, பை தானே திரும்பிக்கொண்டு குழாயின் நீளத்துக்கு முன்னேறுகின்றது. நீருக்குப் பதிலாக அழுத்தக் காற்றும் பயன்படுவதுண்டு. திரும்பும்போது பிசின் ஊறிய பக்கம் பழைய சுவரோடு ஒட்டுகின்றது. நெகிழிப் படலம் உட்புறமாகிக் கழிவுநீரைத் தொடும் மேற்பரப்பாகின்றது. பை சுவரில் உராய்ந்து செல்லாமல் விரிந்து செல்வதால், வளைவுகளையும் கடந்து போகின்றது. சில வேலைகளில் பையைக் கயிற்றால் உள்ளே இழுத்துப் பின்னர் ஊதிப் பெருக்கச் செய்வதும் உண்டு.

அடுத்து இறுக வைத்தல். உள்ளே உள்ள நீரைக் கொதிகலன் வழியாகச் சுழற்றி ஏறத்தாழ 80 பாகை செல்சியசு வரை சூடாக்குவது பழைய முறை. நீராவியால் இறுக வைப்பது விரைவானது. புற ஊதாக் கதிர் முறையில், விளக்குகள் பொருத்திய தொடர்வண்டி போன்ற கருவி பையினுள் மெதுவாக இழுக்கப்படுகின்றது. எம்முறையானாலும், ஐம்பது ஆண்டுகளுக்கான தரம் சில மணி நேரத்துக்குள் முடிவாகிவிடுகின்றது. வெப்பம் போதாத இடத்தில் பிசின் மென்மையாகவே நின்றுவிடும். குளிர்ந்த நிலத்தடி நீர் உட்புகும் இடங்களில் இது நேர்வதுண்டு. விரைந்து குளிர்வித்தால் உறை சுருங்கி, பழைய சுவரினின்றும் விலகும். ஆகவே வெப்பநிலை படிப்படியாகக் கூட்டப்பட்டு, படிப்படியாகக் குறைக்கப்படுகின்றது.

உறை இறுகியதும் எல்லா வீட்டு இணைப்புகளும் மூடப்பட்டிருக்கும். உறையில் தெரியும் சிறு குழிவுகளையும் முன்னர் எடுத்த பதிவையும் கொண்டு, தொலைவிலிருந்து இயக்கப்படும் வெட்டுக் கருவி ஒவ்வொரு இணைப்பையும் உள்ளிருந்தே திறக்கின்றது. ஓர் இணைப்பு தவறவிடப்பட்டால், அவ்வீட்டின் கழிவுநீர் போகுமிடமின்றி வீட்டுக்குள்ளேயே திரும்பும். தவறான இடத்தில் வெட்டினால் புதிய குழாயில் துளை விழும். தொடக்கத்தில் எடுத்த பதிவு எத்துணை கவனமானது என்பது இந்தக் கட்டத்திலேயே தெரியவருகின்றது. இறுதியில் மீண்டும் நிகழ்படம் எடுக்கப்பட்டு, உறையின் துண்டு ஒன்று ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகின்றது.

தடிப்பும் கொள்ளளவும்

உறையின் தடிப்பை முடிவு செய்வது பெரும்பாலும் உள்ளே ஓடும் கழிவுநீர் அன்று. வெளியே உள்ள நிலத்தடி நீரே ஆகும். விரிசல் வழியே வரும் நீர், பழைய சுவருக்கும் உறைக்கும் இடையே நின்று உறையை உள்நோக்கி நெரிக்கின்றது. குழாய்க்கு மேலே 3 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் இவ்வழுத்தம் ஏறத்தாழ 30 கிலோபாசுக்கல் ஆகும். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப் 1216 என்னும் செந்தரம், பழைய குழாயின் நிலையை இரண்டாகப் பிரிக்கின்றது. ஓரளவு பழுதடைந்த குழாய் மண்ணின் சுமையைத் தாங்கிக்கொள்ளும். உறை நீரழுத்தத்தை மட்டும் தாங்கினால் போதும். முற்றாகப் பழுதடைந்த குழாயில் மண், வண்டிகள் ஆகியவற்றின் சுமையும் உறையைச் சேரும். பிசின் நீண்டகாலச் சுமையில் மெல்ல மெல்ல நெகிழக் கூடியது. எனவே வடிவமைப்பில் அதன் தொடக்க விறைப்பில் பாதியை மட்டும் கணக்கில் கொள்வது வழக்கம்.

குழாயினுள் குழாய் இட்டால் வழி குறுகுமே என்னும் ஐயம் இயல்பானது. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள உறை இட்டால் விட்டம் 288 மில்லிமீட்டர் ஆகின்றது. மானிங் சமன்பாட்டின்படி இதனால் மட்டும் கொள்ளளவு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைய வேண்டும். ஆனால் உறையின் பரப்பு வழவழப்பானது, இணைப்புகளும் இல்லாதது. கரடுமுரடுக் கெழு 0.013 இலிருந்து 0.011 ஆகக் குறைந்தால், முடிவில் கொள்ளளவு 6 விழுக்காடு கூடுகின்றது. இருந்தும், குழாய் தொடக்கத்திலேயே போதாத அளவுடையதாக இருந்தால் இந்தச் சிறு கூடுதல் உதவாது. சென்னையின் கழிவுநீர் அமைப்பு, 1961 இல் எதிர்பார்க்கப்பட்ட 6.6 இலட்சம் மக்களுக்காக 1910 இல் திட்டமிடப்பட்டது. 1961 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 17 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இவ்வாறான நிலையில் தேவைப்படுவது உறை அன்று, பெரிய குழாயே ஆகும்.

பிற முறைகள்

குழாய் உடைத்தல் முறை அத்தகைய தேவைக்கு ஓரளவு விடை தருகின்றது. கூம்பு வடிவத் தலை ஒன்று பழைய குழாயினுள் இழுக்கப்படும்போது அதனை உடைத்து, துண்டுகளைச் சுற்றியுள்ள மண்ணில் அழுத்திவிட்டு, பின்னால் புதிய பாலியெத்திலீன் குழாயை இழுத்து வருகின்றது. பழையதிலும் சற்றுப் பெரிய குழாயை இடுவதற்கு இது வழி செய்கின்றது. இங்கிலாந்தில் வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய்களை மாற்றுவதற்காக 1970களின் இறுதியில் இம்முறை உருவாக்கப்பட்டது. அருகில் வேறு குழாய்கள் இருந்தால் அவை சேதமடையக்கூடும்.

செருகு குழாய் முறை எல்லாவற்றிலும் எளியது. சிறிய குழாயைப் பெரிய குழாயினுள் தள்ளி, இடைவெளியைச் சிமெந்துக் கூழால் நிரப்புவதே அது. கொள்ளளவு இழப்பு இதில் அதிகம். ஆத்திரேலியாவில் தோன்றிய சுருள் முறையில், குழியின் அடியில் வைக்கப்பட்ட இயந்திரம் நீண்ட நெகிழிப் பட்டையைச் சுருளாகப் பின்னிக் குழாயாக ஆக்கி உள்ளே செலுத்துகின்றது. இதனைச் சிறிதளவு நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம் என்பது பயனுள்ள இயல்பு.

கொல்கத்தாவின் செங்கல் கால்வாய்கள்

ஆள் நுழையக்கூடிய பெரிய கால்வாய்களுக்கு, தொழிற்சாலையில் வார்த்த கண்ணாடியிழை வலுவூட்டிய நெகிழித் துண்டுகள் பயன்படுகின்றன. இந்தியாவில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கொல்கத்தா ஆகும். வில்லியம் கிளார்க்கு என்னும் பொறியாளரின் திட்டப்படி 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டப்பட்ட அந்நகரின் செங்கல் கால்வாய்கள் மழைநீரையும் கழிவுநீரையும் சேர்த்தே கொண்டு செல்பவை. நூறாண்டுகளுக்கும் மேலாகப் படிந்த வண்டலை அகற்றி, கால்வாயின் வடிவத்துக்கேற்ற துண்டுகளை உள்ளே இறக்கி வரிசையாகப் பொருத்தி, பின்புற இடைவெளியில் சிமெந்துக் கூழ் செலுத்தும் வேலை 2000களின் இறுதியிலிருந்து அங்கு மேற்கொள்ளப்பட்டது. நெரிசல் மிக்க தெருக்களைத் தோண்டி இவற்றை மாற்றுவது நினைத்துப் பார்க்க இயலாதது.

இவ்வகை வேலையில் மனிதர்கள் உள்ளே இறங்குகின்றனர். ஐதரசன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கையாக உதவும் என எண்ணுவது தவறு. செறிவு பத்து இலட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மூக்கு மணத்தை உணரும் ஆற்றலை இழக்கின்றது. அதனிலும் சில மடங்கு கூடினால் மயக்கமும் மரணமும் விரைவில் நேர்கின்றன. வண்டலைக் கிளறும்போது அதில் அடைபட்ட வளிமம் திடீரென வெளிப்படுகின்றது. தொடர்ந்த காற்றோட்டம், வளிமம் அளக்கும் கருவி, மேலே காத்திருக்கும் மீட்புக் குழு ஆகியவை இல்லாமல் இறங்குவது உயிராபத்தானது.

இந்தியாவில் 2013 ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கைகளும் இன்றிச் சாக்கடைகளையும் கழிவுத் தொட்டிகளையும் மனிதரைக் கொண்டு துப்புரவு செய்விப்பதைத் தடை செய்தது. சாக்கடையில் இறப்போரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 2014 இல் ஆணையிட்டது. 2023 இல் இத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. உள்ளுறையிடலுக்கு முன்னோடியான நீர்த்தாரை வண்டி, நிகழ்படக் கருவி, வெட்டுக் கருவி ஆகிய மூன்றும் மனிதர் இறங்காமலே செய்யத்தக்க வேலையின் எல்லையை விரிவாக்கியுள்ளன. வேர் நுழையாத, இணைப்பற்ற குழாயில் அடைப்புகளும் குறைகின்றன. இந்தியச் சூழலில், சாலை வெட்டப்படாமல் இருப்பதைவிட இதுவே பெரிய பயன் எனலாம்.

குறைபாடுகளும் தீங்குகளும்

பாலியெசுட்டர் பிசினில் உள்ள சிடைரீன் என்னும் வேதிப்பொருள் இறுகும்போது ஆவியாக வெளிப்படுகின்றது. இதனை மிகக் குறைந்த அளவிலேயே முகர்ந்தறிய முடியும். கழிப்பறை, குளியலறை ஆகியவற்றின் வடிகுழாய்களில் உள்ள வளைவுகளில் நீர் வற்றியிருந்தால், இம்மணம் வீடுகளுக்குள் புகுகின்றது. வேலைக்கு முன்னர் ஒவ்வொரு வடிவாயிலும் ஒரு குவளை நீர் ஊற்றிவைக்குமாறு குடியிருப்போருக்கு அறிவிப்பது எளிய தடுப்பு முறை ஆகும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018 இல் சிடைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு மிகுந்த பொருட்களின் வகையில் சேர்த்தது.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தியானா, கலிபோர்னியா ஆகிய மாநிலங்களில் நீராவியால் இறுக வைக்கும் வேலைகளை ஆராய்ந்து 2017 இல் முடிவுகளை வெளியிட்டனர். வெளியேறும் வெண்புகை நீராவி மட்டுமன்று, சிடைரீன் உள்ளிட்ட பல வேதிப்பொருட்களும் பிசினின் துணுக்குகளும் அதில் உள்ளன என்பது அவர்களின் முடிவு. அதற்கு முன்னரே, சாலையடி மழைநீர்க் குழாய்களில் இட்ட உறைகளிலிருந்து ஓடைகளில் சிடைரீன் கலந்தமை தெரியவந்ததால், வர்சீனியா மாநிலப் போக்குவரத்துத் துறை இம்முறையை இடைநிறுத்திப் பின்னர் கடுமையான விதிகளை வகுத்தது. சிடைரீன் அற்ற பிசின்களும் உள்ளன. அவற்றின் விலை கூடுதல்.

இன்னொரு குறைபாடு அதிகம் பேசப்படாதது. முதன்மைக் குழாயை மட்டும் நீர்புகாததாக்கினால், முன்னர் அதன் விரிசல்களில் வடிந்த நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்து, வீட்டு இணைப்புகளின் வழியாகவும் ஆள்நுழைவுக் குழிகளின் சுவர் வழியாகவும் உட்புகுகின்றது. முதன்மைக் குழாய்க்குச் செலவிட்ட பணம், சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் நீரின் அளவில் எதிர்பார்த்த குறைவைத் தராமல் போவது இதனாலேயே. வீட்டு இணைப்புகள் பல நகரங்களில் உரிமையாளரின் பொறுப்பில் இருப்பதால், மாநகராட்சி அவற்றைத் தொடுவதற்குத் தயங்குகின்றது.

ஆயுட்காலம்

உறைகள் பொதுவாக 50 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, டென்வர், கொலம்பசு ஆகிய நகரங்களில் 5 முதல் 25 ஆண்டுகள் வரை பயன்பாட்டில் இருந்த உறைகளிலிருந்து துண்டுகளை வெட்டியெடுத்துச் சோதித்து 2012 இல் அறிக்கை வெளியிட்டது. அவை நல்ல நிலையில் இருந்தன. 50 ஆண்டுகளுக்கு முன்னரே கெடும் என எண்ணக் காரணம் எதுவும் காணப்படவில்லை. ஆக்னியில் இடப்பட்ட முதல் உறை 2021 ஆம் ஆண்டில் அரை நூற்றாண்டை எட்டியது.

இறுகிய உறையை மீண்டும் உருக்கிப் பயன்படுத்த இயலாது. ஆயுள் முடிந்த உறையின் மேல் மற்றோர் உறை இடலாம். ஆயினும் ஒவ்வொரு முறையும் வழி சற்றுக் குறுகும். முதல் உறை தந்த வழவழப்பின் ஆதாயம் இரண்டாம் முறை கிடைப்பதில்லை.